சைக்கிளை விட்டு நகராதே

மார்ச் 3

நர்சம்மாவுக்கு,

நேற்றும் போனைப் பாதியில் வைத்துவிட்டாய். போன வாரமும் அப்படித்தான். இனிமேல் எழுதிவிடுவது என்று இருக்கிறேன். கடிதத்தைப் பாதியில் தூக்கிப் போட்டாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும். கோபம் ஆறியதும் எடுத்துப் படிக்கலாம்.

தனியாக ஒரு பை அனுப்பியிருக்கிறேன். சைக்கிள் கேரியரில் மாட்டுகிற பை. உள்ளே இரண்டு டியூப், டயர் கழற்றும் லிவர் மூன்று, கைப்பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், செயின் துண்டு, அதை மாட்ட லிங்க், பிரேக் வயர், ஸ்போக்ஸ் கம்பி, எல்லா அளவிலும் ஸ்பேனர், கட்டுக்கம்பி ஒரு சுருள், டார்ச், விசில். விசிலைப் பார்த்துச் சிரிக்காதே. வாய்க்கால் ரோட்டில் பாலம் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது என்று நீதானே சொன்னாய்.

பஞ்சர் ஒட்டும்போது அவசரப்படாதே. டியூபைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி சொல்யூஷன் தடவியதும், அது பிசுபிசுப்பாகக் காய்கிற வரைக்கும் சும்மா இரு. வாயால் ஊதாதே, எச்சில் பட்டால் ஒட்டாது. அதற்கு முன்னால் டயருக்குள் கையை விட்டுத் தடவி முள்ளை எடுத்துவிடு. முள்ளை எடுக்காமல் டியூப் மாற்றினால் பத்தடி தாண்டுவதற்குள் புது டியூபும் போய்விடும். மழையில் ஒட்டவே ஒட்டாதே, டியூபை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்.

இதெல்லாம் செய்தும் வண்டி நகரவில்லை என்றால், இதுதான் முக்கியம், சைக்கிளை விட்டு நகராதே. நான் இத்தனை வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான். மாட்டிக்கொண்டவர் உள்ளேயே இருக்க வேண்டும். கதவை நெம்பிக்கொண்டு குதிக்கப் பார்க்கிறவருக்குத்தான் கை கால் போகிறது. போன மாதம் ஒரு பெரிய மனுஷர், கோட்டும் சூட்டுமாக, இரண்டு மாடிக்கு நடுவில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். "சார், நான் வந்துட்டேன் சார், தயவு பண்ணி உக்காருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன்னைத் தேடி வருகிறவன் கண்ணில் முதலில் படப்போவது சைக்கிள்தான். நீ அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு வருஷம் மட்டும் என்று சொல்லிக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனாய். இரண்டாவது வருஷமும் முடியப்போகிறது. இந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான் படுக்கிறேன். இன்னொன்றில் உன் அலமாரிக்கென்று விட்ட இடத்தில் துணி காயப் போடுகிறேன். இங்கே நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உன்னை மாற்றித் தருவதாக உங்கள் தலைமை நர்ஸ் சொன்னார்கள் என்றாய். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் கேட்டார்கள் என்றாய். நேற்று நான் அதைக் கேட்டதற்குத்தான் போனை வைத்தாய். எழுத்தில் மறுபடியும் கேட்கிறேன். என்ன சொல்லப் போகிறாய்?

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 9

என்னங்க,

பை வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அழவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்து, "யார் பெத்தது இது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

என் கேரியரில் ஏற்கெனவே கட்டுப்போடும் பெட்டி இருக்கிறது, பிரஷர் பார்க்கிற கருவி இருக்கிறது, சாப்பாட்டு டப்பா இருக்கிறது. அதோடு உங்கள் குழந்தையும் ஏறினால் பின்சக்கரத்துக் கம்பி தன்னாலேயே ஒடியும். பிறகு அதை மாற்ற நீங்கள் கொடுத்த கம்பி உதவும், அந்த வரைக்கும் சரிதான். ஒரு டியூப், இரண்டு லிவர், பம்ப், ஒட்டும் சாமான், லிங்க், வேண்டிய ஸ்பேனர் மட்டும் வைத்துக்கொண்டேன். மீதியை அலமாரிக்குள் போட்டாயிற்று. கட்டுக்கம்பி எதற்கு, வேலி கட்டவா?

முந்தாநாள் சமையலறைத் தரையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கழற்றுவதில் ஒன்றும் இல்லை, மாட்டுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. செயின் கரி நகத்துக்குள் புகுந்து, மறுநாள் வரைக்கும் போகவில்லை. புண்ணுக்குக் கட்டுப்போடுகிற கை அப்படி இருக்கலாமா? அதனால் பையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையைச் சேர்த்துக்கொண்டேன். இத்தனை சாமான் எழுதிய நீங்கள் அதை எழுதவில்லை.

உங்கள் லிஃப்ட் பாடம் எனக்கு ஒத்துவராது. லிஃப்டில் மாட்டினவன் அமுக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் நீங்கள் வருவீர்கள். நான் எதை அமுக்குவது? வாய்க்கால் ரோட்டில் சாயங்காலம் ஒரு பஸ் வரும். அதற்கு முன்னால் ஆடு வரும். மதகுக்குப் பக்கத்தில், மரங்களுக்குப் பின்னால், ரொட்டிக்காரர் என்று ஒருவர் தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் பேக்கரி வைத்திருந்தவர், நின்று நின்றே காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றியாக வேண்டும். அவர் எனக்காக உட்கார்ந்திருக்கும்போது நான் சைக்கிளுக்காக உட்கார்ந்திருப்பதா? எங்கள் வேலையில் பாடம் வேறே. எப்படியாவது அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே தெம்பில்லை. செருப்போடு படுத்துத் தூங்கிய நாளும் உண்டு. அந்த மாதிரி இருக்கிறவளைப் போனில் பிடித்து, என்ன முடிவு, என்ன முடிவு என்றால் வைக்காமல் என்ன செய்வாள்?

சாப்பிடுங்கள். துணியை அறைக்குள் காயப் போட்டால் நாற்றம் அடிக்கும், வெளியே போடுங்கள்.

நான்

*

மார்ச் 14

நர்சம்மாவுக்கு,

கையுறை விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கட்டுக்கம்பியை மட்டும் திரும்பப் பையில் போடு. எதற்கு என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. எதற்கென்று தெரியாத கோளாறுக்குத்தான் கட்டுக்கம்பி. எங்கள் வேலையில் அது இல்லாமல் ஒருத்தனும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான்.

பொத்தான் இல்லை என்று எழுதினாய். சரி, ஒரு பொத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கிறேன். சாயங்கால பஸ் டிரைவரை எனக்குத் தெரியும். அங்கே வரும்போதெல்லாம் அவர் வண்டியில்தானே வருகிறேன். போனில் பிடித்துப் பேசினேன். "சைக்கிள் ரோட்டோரமா தனியா நின்னுதுன்னா ஒரு போன் பண்ணுங்கண்ணே" என்றேன். "நர்சம்மாதானே, நம்ம அம்மாவுக்கே ஊசி போட்டவங்க, கண்டிப்பாப் பண்றேன்" என்றார். அவர் போன் பண்ணினால் ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுவேன். காலையில் அங்கே இருப்பேன்.

இன்னொன்றும் செய். தினமும் கிளம்பும்போது எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஆஸ்பத்திரியில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தனியாகப் போகிறவர்களுக்கு டியூபை விட அதுதான் முக்கியமாம். சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிற ஒருத்தர் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். லிஃப்டில் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பாவம், அவருக்கு இறங்க வேண்டிய மாடி இரண்டு தடவை போய்விட்டது.

நீ தெம்பில்லை என்று எழுதியதைப் படித்தேன். எனக்கும் இல்லை. நேற்று ஒரு கட்டடத்தில் மேலே மெஷின் ரூமில் வேலை முடித்துவிட்டு, கீழே இறங்க மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீழே போனால் வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டில் விளக்கைப் போட வேண்டும், போட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். சண்டை போடுவதற்காவது நீ பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. வாடகை வாங்க வீட்டுக்காரம்மா வந்து, இரண்டு அறை வேண்டுமா, ஒரு அறை போதுமா என்று கேட்டுவிட்டுப் போனார். மாசக் கடைசியில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 18

என்னங்க,

யாரைக் கேட்டு பஸ் டிரைவரிடம் சொன்னீர்கள்? இன்று பஸ் என் பக்கத்தில் வந்து நின்று, ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, "ஒண்ணும் பிரச்சினை இல்லையே நர்சம்மா? வீட்டுக்காரர் விசாரிச்சார்" என்கிறார். நான் தண்ணீர் குடிப்பதற்காகத்தான் நின்றிருந்தேன். இனி ரோட்டில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் போலிருக்கிறது. உங்களிடம் பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

முந்தாநாள் பஞ்சர் ஆனது. ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், நல்ல மழை. டியூபை மாற்றினேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து குடை பிடித்தார். எனக்குப் பிடிக்காமல் டயருக்குப் பிடித்தார். "டியூப் நனையக்கூடாதுன்னு சொன்னீங்களே" என்றார். முள்ளைத் தேடி எடுத்தேன், சின்னதாக ஒரு கம்பித் துண்டு. எல்லாம் சரியாகவே செய்தேன். செய்து முடித்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் இருந்தது.

வீட்டுக்காரம்மாவிடம் மாசக் கடைசியில் சொல்கிறேன் என்றீர்களே. என் தலையில் இன்னொரு மாசக் கடைசியைக் கட்டியாயிற்று. நல்லது.

நான்

*

மார்ச் 24

என்னங்க,

நேற்று முன்தினம் ரோட்டில் வைத்து என் வாயை அடைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்கு அந்த வழியாக வந்த லாரியில் ஏறிப் போய்விட்டீர்கள். நின்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது எழுதுகிறேன், படியுங்கள்.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நான் மதகுக்குப் பக்கத்தில் வரும்போது சட்டென்று காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பெடல் சுற்றுகிறது, செயின் சுற்றுகிறது, சக்கரம் மட்டும் நிற்கிறது. செயின் அறுந்ததா என்று பார்த்தேன், இல்லை. டயரில் காற்று இருந்தது. உங்கள் பையில் இருந்த எதுவும் அதற்கு மருந்தில்லை. சைக்கிளை மதகுச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டுப்போடும் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ரொட்டிக்காரர் வீட்டுக்கு நடந்தேன். ஐந்து நிமிஷ நடைதான்.

கதவு திறந்து கிடந்தது. அவர் கீழே கிடந்தார். புண்ணுக்குள் ரத்தக்குழாய் வெடித்து, தரையெல்லாம் ரத்தம். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, புண் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்னல் இல்லை, யாரையும் கூப்பிட முடியவில்லை. அவரை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியவில்லை. ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தேன். விடியற்காலையில் அவர் வீட்டுப் பின்பக்க ரோட்டில் பால் வண்டி வந்தது. டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். ஆம்புலன்ஸ் அந்தப் பின்பக்க வழியாகவே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம் என்று மதகுக்கு வருகிறேன். நீங்கள்! சட்டையைக் கழற்றி மதகின் மேல் போட்டுவிட்டு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்தைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் ஏழு மணிக்கே என்கிறீர்கள். பெண்டாட்டியைக் காணோம் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்த மனுஷன், ஐந்து மணி நேரமாக சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

"ஏங்க, என்னைத் தேடவே இல்லையா?" என்று கேட்டேன். அது கோபத்தில் கேட்டதில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. நீங்கள் என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தீர்கள். "சைக்கிளை விட்டு நகராதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று கத்தினீர்கள். அது யார் ரத்தம் என்று கூடக் கேட்கவில்லை. நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். சைக்கிளையே கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துங்கள் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. மற்றது மறந்துவிட்டது, உங்களுக்கு மறந்திருக்காது.

நீங்கள் ரிப்பேர் பண்ணிய சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தேன். பின்சக்கரத்துப் பல்லைக் கம்பியால் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் பெடல் நிற்கவே மாட்டேன் என்கிறது. இறக்கத்தில் கூட விடாமல் மிதிக்க வேண்டியிருக்கிறது. முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடாதவள் மிதித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தேடாத மனுஷனுக்கு இரண்டு அறை எதற்கு? ஒரு அறை போதும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நான்

*

மார்ச் 28

நர்சம்மாவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

ஏன் தேடவில்லை என்று கேட்டாய். ரோட்டில் வைத்துச் சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். லாரிக்காரர் முன்னால் அழ வேண்டாம் என்றுதான் ஏறிப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரைவர் போன் பண்ணினார். "நர்சம்மா சைக்கிள் மதகுகிட்ட நிக்குது சார். ஆளைக் காணோம். வண்டிய நிப்பாட்டி ரொம்ப நேரம் ஹாரன் அடிச்சுப் பார்த்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். யாரும் வரல. எனக்கு என்னமோ சரியாப் படல சார்" என்றார். ரயிலில் உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை, கதவோரமாகவே நின்றுகொண்டு வந்தேன். ஹாரன் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் நீ வந்திருப்பாய். வரவில்லை என்றால் கேட்கிற தூரத்தில் இல்லை, இல்லாவிட்டால் கேட்கிற நிலையில் இல்லை. ராத்திரி முழுக்க இதையேதான் திருப்பித் திருப்பி யோசித்தேன்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து மதகில் வந்து இறங்கினேன். சைக்கிள் நின்றது. பை அதில்தான் மாட்டியிருந்தது. பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கரையோரத்தில் நாணல் சாய்ந்திருந்தது. ஆடு மாடு இறங்கியதால் சாய்ந்திருக்கலாம். நான் கரை வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. இறங்கித் தேடினால் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. புரிகிறதா உனக்கு? தேடாத வரைக்கும் நீ எங்கேயோ போயிருக்கிறாய், வரப்போகிறாய். தேடினால் அது முடிந்துவிடும்.

திரும்பி வந்து சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பெடலைச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் இருக்கிற பல்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது, உள்ளே கொக்கி தேய்ந்து போயிருந்தது. அது நடு ரோட்டில் ரிப்பேர் பண்ணுகிற விஷயமே இல்லை. ஆனால் பையைத் திறந்தால் கட்டுக்கம்பி இருந்தது. வேண்டாம் என்று எழுதினாயே, எப்போது திரும்ப எடுத்து வைத்தாய்? அதை வைத்துக் கட்ட ஆரம்பித்தேன். கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினேன். சைக்கிளைச் சரி பண்ணி வைத்துவிட்டால் அதை எடுக்க நீ வந்தாக வேண்டும் என்று இருந்தது எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான். அந்த ஐந்து மணி நேரமும் நான் பைத்தியமாகத்தான் இருந்தேன்.

அப்போது நீ மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தாய், சட்டையெல்லாம் ரத்தமாக. உயிரோடு வந்தாய். யார் ரத்தம் என்று கேட்டிருக்க வேண்டும், உன்னைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும், தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். கத்தத்தான் வந்தது.

அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று எழுது.

முப்பத்தொன்றாம் தேதி பற்றி நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. நீ அங்கேயே இருப்பதென்றால் இரு. வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. பல்சக்கரத்தை மட்டும் உடனே மாற்றிவிடு. கம்பி ரொம்ப நாள் தாங்காது.

உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 2

என்னங்க,

ரொட்டிக்காரர் பிழைத்துவிட்டார். காலும் இருக்கிறது. மகள் வந்திருக்கிறாள், தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறாள். போவதற்கு முன்னால் உங்களைக் கேட்டார். "மதகுல உக்காந்து ரிப்பேர் பண்ணாராமே, நல்ல மனுஷன்மா" என்றார். உங்களை ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஊர் முழுக்க இதுதான் பேச்சு.

உங்கள் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. படித்துவிட்டு ரொம்ப நேரம் செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போன கடிதத்தில் நான் உங்களிடம் ஒன்றை மாற்றி எழுதிவிட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அவரை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியவில்லை என்று எழுதினேன். அது மத்தியானம் வரைக்கும்தான் நிஜம். சாயங்காலத்துக்குள் ரத்தம் நின்றுவிட்டது. இறுக்கிக் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்து, தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். நன்றாகத் தூங்கினார். நாடி பார்த்தேன், பயப்படுகிற மாதிரி இல்லை. அப்போதுதான் பஸ் வந்தது.

ஹாரன் எனக்குக் கேட்டது. டிரைவர் கூப்பிட்டதும் கேட்டது. வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருந்தால் கூடப் போதும். ஆம்புலன்ஸுக்கு டிரைவரிடமே சொல்லி அனுப்பியிருக்கலாம். பெரியவர் ஒரு ராத்திரி முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். நர்ஸாக நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

நான் எழுந்திருக்கவில்லை. முதலில் உடம்பு வரவில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஹாரன் இரண்டாவது தடவை நீளமாக அடித்தபோது, நான் போகாவிட்டால் அவர் உங்களுக்குப் போன் பண்ணுவார் என்பது மனசில் வந்தது. போன் பண்ணினால் நீங்கள் வருவீர்கள். எனக்கு நீங்கள் வர வேண்டும் என்று இருந்தது. வாருங்கள் என்று சொல்ல வாய் வராதவள், பஸ் திரும்பிப் போகிற சத்தம் கேட்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டு வந்தீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் தேடவில்லை என்று சண்டை போட நான் யார்?

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை உங்களுக்கு எழுதுகிற தைரியம் கூட எனக்கு வந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி அவர் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்படி ஆகிவிட்டவள் இனிமேல் இந்த வேலையை இந்த மாதிரி பார்க்கக்கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் என் ஏக்கத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி தலைமை நர்ஸ் அறைக்குப் போய் மாற்றத்துக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். ஹாரன் கேட்ட விஷயத்தையும் சொன்னேன். அவர் நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி ரிஜிஸ்டருக்குள் வைத்தார். "லீவே எடுக்காம இத்தனை நாள் உன்னை ஓட விட்டது என் தப்பும்தான்" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என் இடத்துக்கு வருகிறவள் சின்னப் பெண், ஸ்கூட்டரில் வருகிறாள். வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "போன் பண்ணுவேன் அக்கா" என்றாள். பாலத்துக்கு அப்பால் சிக்னல் கிடையாது என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் பையை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டேன். ஸ்கூட்டருக்கு அதில் எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் போகாத கரை மேல் நாலு வீடு இருக்கிறது. அந்த நாலு வீட்டுக்கும் இனி யாரும் போக மாட்டார்கள், அவர்கள்தான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒவ்வொரு வீடாகப் போய் நானே சொன்னேன். கடைசி வீட்டில் தையல்காரம்மா, கண் சரியாகத் தெரியாது, என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க நர்சம்மா. எத்தனை நாளைக்குத்தான் நீங்களும் மிதிப்பீங்க" என்றாள். கரையை விட்டு இறங்குகிற வரைக்கும் அழுதேன். அவர்களை விட்டுவிட்டு வருகிறேன். அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். நீங்களும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு அறையும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். எந்தப் பெட்டி என்று எழுதப் போவதில்லை. பிளாட்பாரத்தில் ஒரு இடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். கூட்டமாக இருக்கும், நான் களைத்துப் போயிருப்பேன், ஜன்னலோரம் தூங்கினாலும் தூங்கிவிடுவேன். என் பெயரைச் சொல்லி சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாகத் தேடி வாருங்கள். கேட்டால் இந்த முறை எழுந்து வருவேன்.

உங்கள் நர்சம்மா